போர்ல இருந்து திரும்பி வந்தவங்க கூட இருக்கப்போறவங்களுக்கு ஒரு கைடு

வரவேற்பு, கைதட்டல், கட்டிப்புடிச்சு அழுகை, போட்டோ எல்லாம் முதல் வாரத்தோட முடிஞ்சுரும். அதுக்கப்புறம் வர்ற மாசங்களுக்குத்தான் இது. போருக்குப் போனவங்களை விட, அவங்களோட ஒரே வீட்ல இருக்கப்போறவங்க, அக்கம்பக்கத்துக்காரங்க, வேலை குடுக்கப்போறவங்க இவங்களை மனசுல வச்சுத்தான் எழுதுறேன், ஏன்னா போறவருக்கு மாசக்கணக்கா டிரெய்னிங் குடுத்து அனுப்புறாங்க, அவரைத் திரும்ப வாங்கி வச்சுக்கிறவங்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்குடுக்கிறதில்ல. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், "பழைய ஆளா மாத்திடணும்"ங்கிற எண்ணத்தை விட்டுருங்க. அவரும் மாறியிருப்பாரு, அவர் இல்லாத காலத்துல வீடும் மாறியிருக்கும். நம்ம வேலை அவருக்கு இங்க ஒரு இடம் பண்ணிக் குடுக்கிறது, அவ்ளோதான், ஆனா அதுவே பெரிய வேலை. (அவர், இவர்னு எழுதிட்டு வந்தாலும் போர்ல இருந்து வந்த பெண்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அவங்களைப் பத்தி கீழ தனியாவும் கொஞ்சம் இருக்கு.)

முதல் சில வாரம்

போர்க்களத்துல இருந்து வீட்டு வாசலுக்கு ரொம்ப சீக்கிரம் வந்து சேர்றதே ஒரு பிரச்சினை. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்ப நிறைய பேர் கப்பல்ல, கூட சண்டை போட்டவங்களோடயே, நாள்கணக்கா வாரக்கணக்கா பேசிக்கிட்டே ஊர் வந்தாங்க. வியட்நாம்ல அமெரிக்க வீரர்கள் ஒரு வருஷ டூட்டி முடிஞ்சதும் தனித்தனியா விமானம் ஏறி ரெண்டு மூணு நாள்ல வீட்டுச் சோபாவுல உக்காந்திருந்தாங்க. இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பின்னாடி ஆப்கானிஸ்தான் போன கனடா, பிரிட்டன் படைகள் நேரா வீட்டுக்கு அனுப்பாம சைப்ரஸ் மாதிரி நடுவுல ஒரு இடத்துல கொஞ்ச நாள் தங்க வச்சு, குளிச்சு தூங்கி பேசி, அப்புறம்தான் அனுப்புனாங்க.

உங்க ஆளுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லேன்னா அந்த நடு இடத்தை வீட்லயே உண்டாக்குங்க. வந்த அன்னைக்கே சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைக்க வேணாம். யாரைப் பார்க்கணும், எப்ப பார்க்கணும்னு அவர்கிட்டயே கேளுங்க, "யாரும் வேணாம்"னா யாரும் வேணாம். ரெண்டு மூணு வாரம் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க, வீடு மாத்துறது, கையில வந்த மொத்தப் பணத்தையும் பிசினஸ்ல போடுறது, கல்யாணம் பேசுறது, எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும். இன்னொண்ணு, முதல் மாசம் எல்லாம் நல்லா போச்சுன்னு "ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கார்"னு முடிவு கட்டிடாதீங்க. பல வீடுகள்ல சிக்கல் வெளிய தெரியறதே விருந்தாளிங்க வர்றது நின்னதுக்கு அப்புறம்தான்.

வீட்டுப் பொறுப்பு யார்கிட்ட

சண்டை அதிகமா வர்ற இடம் இதுதான். அவர் இல்லாதப்ப பில் கட்டினது, பிள்ளைங்க ஸ்கூலுக்கு ஓடினது, ரிப்பேர் பார்த்தது எல்லாம் வீட்ல இருந்தவங்க. அவர் வந்ததும் "நான் வந்துட்டேன்ல, நான் பாத்துக்கிறேன்"னு எல்லாத்தையும் கையில எடுப்பாரு, இல்ல எதையுமே தொடாம ஒரு மூலையில கெஸ்ட் மாதிரி உக்காருவாரு, ரெண்டுமே நடக்கும். இதுல அவர் அதட்டி ஆர்டர் போடுற குரல் வேற. அங்க மெதுவா சொன்னா உயிர் போயிரும், அதனால அப்படிப் பேசிப் பழகிட்டாரு, ஆனா ஏழு வயசுப் பிள்ளைக்கு அது புரியாது.

ஒரு பேப்பர் எடுத்து இப்ப வீட்ல யார் என்ன பண்றாங்கன்னு எழுதுங்க, அவரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு. அதுல இருந்து ஒண்ணே ஒண்ண முழுசா அவர்கிட்ட குடுங்க. முழுசான்னா முழுசா, பின்னாடியே நின்னு "அப்படி இல்ல, இப்படி"ன்னு திருத்தக் கூடாது. பாவம்னு நினைச்சு குடுக்கிற டம்மி வேலையை அவர் உடனே கண்டுபிடிச்சிருவாரு, அவர் செய்யலேன்னா நிஜமாவே வீட்ல ஏதோ ஒண்ணு நிக்கும்ங்கிற மாதிரி வேலையா பார்த்துக் குடுங்க. அது ஓட ஆரம்பிச்சதும் அடுத்தது. சின்னப் பிள்ளைங்க கிட்ட வர மறுத்தா தள்ளி விடாதீங்க, அதுங்களா வரட்டும், அதுங்களுக்கு இவர் ஒரு புது ஆளு.

கேக்கிறதும் கேக்காம இருக்கிறதும்

"அங்க எப்படி இருந்துச்சு, எத்தனை பேரைக் கொன்னீங்க"ன்னு கேக்கிற ஆளு எந்த ஊர்லயும் ஒருத்தர் இருப்பாரு. அவரை வாசல்லயே நிறுத்துறது உங்க கடமை. பிள்ளைங்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க, அந்தக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு.

மனசுல இருக்கிறதை எல்லாம் உடனே கொட்டிட்டா சரியாயிரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது சரியில்ல. அதிர்ச்சியான சம்பவம் நடந்த உடனே ஆளைப் புடிச்சு உக்கார வச்சு விவரமா சொல்ல வைக்கிற முறை ஒரு காலத்துல பிரபலமா இருந்துச்சு, ஆராய்ச்சியில அதுக்குப் பலன் தெரியல, இப்ப பிரிட்டனோட நைஸ் மருத்துவ வழிகாட்டுதல் அதைச் செய்யவே வேணாம்னு சொல்லுது. அதனால தோண்டாதீங்க. அதுக்குப் பதிலா பதில் சொல்ல ஈசியான கேள்வி கேளுங்க, கூட இருந்ததுல யாரு ரொம்ப சிரிக்க வைப்பாங்க, தூக்கம் எப்படி கிடைச்சுது, இந்த மாதிரி. கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்சா அவரா உள்ள வருவாரு.

அப்படி ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அவரா ஆரம்பிச்சா, குறுக்க பேசாம கேளுங்க. "எல்லாம் முடிஞ்சு போச்சு, மறந்துரு" வேணாம், "நீ செஞ்சது சரிதான், டூட்டிதானே" அதுவும் வேணாம். பயம் ஒரு வகைக் காயம், இது வேற காயம்: தான் செஞ்சதுக்காகவோ, செய்யாம விட்டதுக்காகவோ, மேலதிகாரி செய்ய வச்சதுக்காகவோ உள்ள அறுத்துக்கிட்டே இருக்கிற குற்ற உணர்ச்சி. வியட்நாம் வீரர்களோட பல வருஷம் வேலை செஞ்ச ஜொனாதன் ஷே-ங்கிற மனநல மருத்துவர் இதை மாரல் இன்ஜுரி, அதாவது மனசாட்சியில பட்ட காயம்னு எழுதினாரு. இதுக்கு நீங்க தீர்ப்பு சொல்லவும் முடியாது, மன்னிப்பு குடுக்கவும் முடியாது. "கேட்டுட்டேன், இன்னும் இங்கதான் இருக்கேன்"னு காட்டுனாலே நிறைய.

உடம்புல இருக்கிறது

மனசு மனசுன்னு பேசி காதை மறந்துடுவாங்க. அமெரிக்காவுல முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு வாங்குற காரணங்கள்ல முதல் இடத்துல இருக்கிறது காதுல ஓயாம கேக்கிற இரைச்சல், அதோட கேட்கும் திறன் குறையறதும் முன்வரிசையிலதான் இருக்கு. கூப்பிட்டா திரும்பாதது, டிவி சவுண்டை ஏத்தி வைக்கிறது, நாலு பேர் சேர்ந்து பேசுற இடத்துல எரிச்சலாகி எழுந்து போறது, இதெல்லாம் "நம்மளை மதிக்கல"ன்னு சண்டையா மாறும், கடைசில பார்த்தா காது. முதல் மாசத்துலயே ஒரு காது டெஸ்ட் எடுத்துருங்க. பக்கத்துல குண்டு வெடிச்சிருந்தா வெளிக்காயம் இல்லாமயே மூளை அடி வாங்கியிருக்கலாம், தலைவலி, மறதி, வெளிச்சம் கூசுறது, பொசுக்குன்னு கோவம், இதுக்கு நரம்பியல் டாக்டரைப் பார்க்கணும், வெறும் கவுன்சிலிங் பத்தாது.

தூங்குறவரைத் தொட்டு எழுப்பாதீங்க. கால்மாட்டுப் பக்கமா தள்ளி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வெளிய போனா சுவத்துக்கு முதுகு குடுத்து வாசலைப் பார்த்து உக்காருற சேரை அவருக்கு விடுங்க, அதை வச்சு ஜோக் அடிக்க வேணாம். வாணவேடிக்கை, கட்டட இடிப்புன்னு பெரிய சத்தம் வரப்போறது தெரிஞ்சா முன்னாடியே சொல்லிடுங்க, சத்தத்தை விட எதிர்பாராத சத்தம்தான் ஆளை ஆட்டும். கார் ஓட்டும்போது நடு ரோட்ல போறது, ஓரத்துல கிடக்கிற மூட்டையைப் பார்த்து வெட்டித் திருப்புறது, சிக்னல்ல நிக்க முடியாம தவிக்கிறது, இது சாலையோர குண்டு இருந்த இடத்துல வண்டி ஓட்டினவங்களுக்கு வர்ற பழக்கம். அங்க உயிரைக் காப்பாத்துன பழக்கம், இங்க ஆக்சிடெண்ட். கொஞ்ச நாள் நீங்க ஓட்டுங்க.

டாக்டர் கிட்ட எப்ப போறது

போருக்குப் போன எல்லாருக்கும் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநோய்) வரும்னு ஒரு பிம்பம் இருக்கு. அப்படி இல்ல, பெரும்பாலானவங்களுக்கு வர்றதில்ல, வந்தவங்கள்லயும் நிறைய பேர் தேறிடுறாங்க. இந்தப் பிம்பத்தாலயே வீடு வாடகைக்குக் குடுக்க மாட்டேங்கிறாங்க, வேலைக்கு யோசிக்கிறாங்க, இது எனக்கு எரிச்சலான விஷயம்.

ஆனா வந்தா கண்டுக்காம விடக் கூடாது. கெட்ட கனவு, பகல்லயே அந்த சீன் கண் முன்னாடி ஓடுறது, அதை ஞாபகப்படுத்துற எல்லாத்தையும் ஒதுக்குறது, யார் மேலயும் பாசம் வரலேங்கிறது, எப்பவும் அலர்ட்டா இருக்கிறது, இதெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல நின்னு வேலை, குடும்பம், தூக்கத்தைக் கெடுத்தா போகணும். முதல் உலகப்போர்ல இதுக்கு ஷெல் ஷாக்னு பேர், 1915-லயே மருத்துவப் பத்திரிகையில வந்துருச்சு, ஆனாலும் அந்தப் போர்ல பிரிட்டிஷ் ராணுவம் ஓடிப்போனது, கோழைத்தனம் மாதிரி குற்றங்களுக்காக தன் ஆளுங்கள்ல 306 பேரைச் சுட்டுக் கொன்னுச்சு, அதுல சிலர் இந்த மாதிரி மனசு உடைஞ்சவங்கன்னு இப்ப பரவலா ஒத்துக்கிறாங்க, மன்னிப்பு வந்தது 2006-ல. பிடிஎஸ்டிங்கிற பேர் அமெரிக்க மனநல நோய்ப் பட்டியல்ல ஏறினதே 1980-லதான். அதனால வயசானவங்க "எங்க காலத்துல இதெல்லாம் இல்ல"ன்னா, இருந்துச்சு, பேர்தான் வேற.

சிகிச்சை இருக்கு. ப்ரோலாங்ட் எக்ஸ்போஷர், காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி, இஎம்டிஆர்னு மூணு மனநல சிகிச்சை முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கு, ரெண்டாவது வழக்கமா 12 அமர்வு, முதலாவது 8-ல இருந்து 15. வருஷக்கணக்கா சோபாவுல படுத்துக்கிட்டுப் பேசுற சமாச்சாரம் கிடையாது. தெரபிஸ்ட்டைப் பார்க்கும்போது இதுல எதைச் செய்வீங்கன்னு நேராவே கேளுங்க, "சும்மா பேசுவோம்"னு பதில் வந்தா வேற ஆளைத் தேடுங்க. தூக்கத்துக்குன்னு குடி ஆரம்பிச்சா கவனிங்க, குடிச்சா தூக்கம் வரும் ஆனா பாதி ராத்திரில கலையும், கனவும் மோசமாகும். பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்கிற பென்சோடயசபின் வகை மாத்திரையை பிடிஎஸ்டிக்கு வேணாம்னுதான் அமெரிக்க ராணுவ மருத்துவ வழிகாட்டுதல் சொல்லுது, ஆனா ஏற்கனவே சாப்பிட்டுட்டு இருந்தா திடீர்னு நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேட்டு மெதுவா குறைக்கணும்.

இதைத் தள்ளிப் போடக் கூடாது: சாகணும்னு நினைக்கிறாரோன்னு சந்தேகம் வந்தா நேரடியா கேளுங்க, "சாகணும்னு தோணுதா"ன்னு அப்படியே. கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துராது. ஆமான்னா தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி இல்ல உங்க நாட்டு ஹெல்ப்லைன். வீட்ல துப்பாக்கி இருந்தா அந்தக் காலத்துக்கு வெளிய போகணும், நம்பகமான யார்கிட்டயாவது. இதுக்கு நல்ல சாட்சி இருக்கு, இஸ்ரேல் ராணுவம் 2006-ல வார லீவுக்குத் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதைக் குறைச்சதும் படையில தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைஞ்சுது. மனசு மாத்துறது கஷ்டம், கைக்கு எட்டாம பண்றது ஈசி, முதல்ல ஈசியானதைச் செய்யுங்க.

வேலை

என்னைக் கேட்டா மத்த எல்லாத்தையும் விட இதுதான் ஆளை நிக்க வைக்கும். அங்க காலைல எழுந்தா என்ன செய்யணும், யார் தன்னை நம்பியிருக்காங்கன்னு அவருக்குத் தெரியும். இங்க ஒண்ணும் இல்ல. பென்ஷன் பணத்தால வாடகை கட்டலாம், காலைல எழுந்திருக்க ஒரு காரணத்தை அது தராது.

அரசாங்கங்களும் இதை அடிபட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. முதல் உலகப்போர் அமெரிக்க வீரர்களுக்கு 1924-ல ஒரு போனஸ் அறிவிச்சு 1945-லதான் தருவோம்னாங்க, பொருளாதார வீழ்ச்சில வேலை இழந்தவங்க 1932-ல ஆயிரக்கணக்குல வாஷிங்டன்ல போய் உக்காந்து இப்பவே குடுன்னு கேட்டப்ப கண்ணீர்ப்புகையும் டாங்கும் வச்சு விரட்டினாங்க. அந்த அவமானம் ஞாபகம் இருந்ததாலயும்தான் 1944-ல ஜிஐ பில் வந்துச்சு: படிப்புச் செலவு, வீட்டுக் கடன், வேலை கிடைக்கிற வரைக்கும் வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரம். அதுல 78 லட்சம் பேர் படிச்சாங்க, தொழில் கத்துக்கிட்டாங்க. (கறுப்பின வீரர்களை பாங்குகளும் நிறைய காலேஜுகளும் உள்ளயே விடல, சட்டத்துல சமம், கவுண்டர்ல இல்ல.) இதுக்கு நேர் எதிர் உதாரணம் 2003 மே மாசம், ஈராக் ராணுவத்தை அமெரிக்க நிர்வாகம் ஒரே உத்தரவுல கலைச்சது. ஆயுதம் தெரிஞ்ச லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே நாள்ல சம்பளம் இல்லாம, மரியாதை இல்லாம தெருவுக்கு வந்தாங்க, அப்புறம் நடந்த கிளர்ச்சில அவங்கள்ல பலர் இருந்தாங்க.

சரி, நீங்க என்ன செய்யலாம். ரெஸ்யூமே எழுத உதவுங்க. "ப்ளாட்டூன் கமாண்டர்"னு போட்டா சாதாரண எச்ஆர் ஆளுக்கு ஒண்ணும் புரியாது, "முப்பது பேரோட பாதுகாப்பு, சாப்பாடு, உபகரணம், லீவு எல்லாத்துக்கும் பொறுப்பு"ன்னு போடுங்க. ரேடியோ பார்த்தவர், வண்டி மெயின்டெனன்ஸ் பார்த்தவர், ஸ்டோர் கணக்கு வச்சவர், மருத்துவ உதவியாளர், எல்லாமே வெளிய விலை போற வேலைதான், ஆனா சான்றிதழ் இருக்காது, அதனால குறுகிய கோர்ஸ் ஒண்ணு முடிக்க வைங்க. இன்டர்வியூல அவர் "நாங்க செஞ்சோம்"னுதான் சொல்வாரு, "நான்" வராது, அதை வீட்லயே பேசிப் பழகணும்.

வேலை குடுக்கிறவங்களுக்கு: பட்டாளத்துக்காரர்னாலே வாட்ச்மேனா கேட்ல நிக்க வைக்கிற பழக்கத்தை விடுங்க, மறுபடி ராத்திரி முழுக்க முழிச்சு சுத்திப் பார்த்துட்டே இருக்கிற வேலை பலருக்கு நல்லதே இல்ல. யார் அவருக்கு பாஸ், என்ன செய்யணும், எப்ப முடியணும்னு தெளிவா சொல்லுங்க, ஆபீஸ் அரசியல்ல மறைமுகமா பேசுற பாஷை அவருக்குப் பிடிபட நாளாகும். சிகிச்சைக்கு வாரம் ஒரு மணி நேரம் விடுங்க. முதல் வேலை நிக்கலேன்னா ஆச்சரியப்படாதீங்க, ரெண்டாவது மூணாவதுலதான் பலர் செட்டில் ஆகுறாங்க.

கூட இருந்தவங்க

குடும்பத்துக்குக் கொஞ்சம் பொறாமையா இருக்கும், எங்ககிட்ட பேசாம அவனுங்க கூட மணிக்கணக்கா போன்ல பேசுறாரேன்னு. விடுங்க. அவர் இழந்ததுல பாதி அந்தக் கூட்டம்தான். அமெரிக்காவுல 1979-ல ஆரம்பிச்ச வெட் சென்டர்கள் (முன்னாள் வீரர்களுக்கான ஆலோசனை மையங்கள்) ஓடினதே வீரர்களே வீரர்களுக்கு ஆலோசனை சொன்னதால. சேர்ந்து குடிக்கிறதுக்கு மட்டும் கூடுற கூட்டம்னா அது வேற கதை, அப்ப சேர்ந்து செய்ய ஏதாவது வேணும், விளையாட்டு, மராமத்து, பேரிடர் உதவி. லுட்விக் குட்மன்ங்கிற டாக்டர் 1948-ல இங்கிலாந்தோட ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரில முதுகுத்தண்டு உடைஞ்ச 16 பேரை சக்கர நாற்காலில வச்சு அம்பு விட வச்சாரு, 1960-ல ரோம்ல அது பாராலிம்பிக்ஸா வளர்ந்துச்சு.

உள்நாட்டுப் போர்னா

இது இன்னும் சிக்கல், ஏன்னா திரும்பி வர்றவர் உங்க ஊரையே அடிச்சவரா இருக்கலாம். ஆயுதத்தை வாங்கி, படையைக் கலைச்சு, ஊரோட சேர்க்கிறதுன்னு ஐநா மூணு படியா செய்யுது, முதல் ரெண்டும் சீக்கிரம் முடியும், மூணாவதுலதான் காசும் பொறுமையும் தீரும். ஆப்பிரிக்காவுல இருக்கிற சியரா லியோன்ல 2002-ல போர் முடியறதுக்குள்ள 70 ஆயிரம் பேருக்கும் மேல ஆயுதத்தைக் கீழ போட்டாங்க, ஆனா துப்பாக்கியைக் காட்டினாத்தான் பேர் பதிவுங்கிற விதி பல இடத்துல இருந்ததால படையோட இருந்த பெண்களும் சிறுமிகளும் நிறைய பேர் லிஸ்ட்லயே வரல. சமைச்சவங்க, சுமந்தவங்க, கட்டாயமா மனைவியாக்கப்பட்டவங்க எல்லாரும் எதுவும் கிடைக்காம, பழியை மட்டும் சுமந்துக்கிட்டு ஊர் திரும்பினாங்க. உங்க ஊருக்கு அப்படி ஒரு பொண்ணு வந்தா அவ பிள்ளையைப் பத்தி கேள்வி கேக்காம இருங்க, பேர் பதிவுக்கு கூட போங்க.

போராளிக்கு மட்டும் பணம், அடி வாங்கின ஊருக்கு ஒண்ணும் இல்லேன்னா வெறுப்பு வளரத்தான் செய்யும், அது நியாயமும்கூட. உதவி வரும்போது ஊர் பொதுவுக்கு, ரோடு, தண்ணி, ஸ்கூல்னு கேட்டு வாங்குங்க, வந்தவங்களும் ஊர்க்காரங்களும் ஒண்ணா சம்பளத்துக்கு வேலை செய்யுற மாதிரி. மன்னிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது, ஒரே கிணத்துல தண்ணி எடுக்க மன்னிப்பு தேவையில்ல. பாதுகாப்பும் வேணும், கொலம்பியாவுல அரசாங்கமும் ஃபார்க் கிளர்ச்சிப் படையும் 2016-ல போட்ட சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஆயுதத்தைக் கீழ போட்ட சுமார் 13 ஆயிரம் பேர்ல 400-க்கும் மேற்பட்டவங்க கொல்லப்பட்டிருக்காங்க, அதைப் பார்க்கிற மிச்சப்பேர் எந்த தைரியத்துல கிராமத்துல இருப்பாங்க.

உங்களுக்கும், அப்புறம் பேப்பரும்

அடி விழுந்தா அது நோய்னு பொறுத்துக்க வேண்டியதில்ல. காயம் காரணமா இருக்கலாம், அனுமதி கிடையாது, நீங்களும் பிள்ளைங்களும் முதல்ல பத்திரமா வெளிய வாங்க, உதவி அங்க இருந்தும் செய்யலாம். வாரத்துல ஒரு நேரமாவது போர் பேச்சே இல்லாத உங்க ஆளுங்க கூட இருங்க.

கடைசியா சலிப்பான வேலை. டிஸ்சார்ஜ் பேப்பர், மெடிக்கல் ரெக்கார்ட், சேவை செஞ்ச இடமும் தேதியும், எல்லாத்துலயும் ரெண்டு காப்பி, ஒண்ணு வீட்டுக்கு வெளிய. படையை விட்டு வர்றதுக்கு முன்னாடியே எல்லா வலியையும் ஃபைல்ல ஏத்தச் சொல்லுங்க, "சின்ன விஷயம்"னு விட்ட முழங்காலும் காதும் பத்து வருஷம் கழிச்சு நிரூபிக்கிறது பெரும்பாடு. ஏத்தாம வந்துட்டா இன்னைல இருந்து ஒரு நோட்டு போடுங்க, தேதி, என்ன வலி, எத்தனை மணி நேரம் தூங்கினாரு, எந்த டாக்டர். கூட இருந்த ரெண்டு பேர்கிட்ட அந்தச் சம்பவத்தைப் பத்தி கையெழுத்துப் போட்டு வாங்கி வைங்க, அவங்க நம்பர் மாறுறதுக்குள்ள.